தூர ஓட்டம் போற வண்டிய ஆர் பாக்கிறது: நாங்களோ, ஊர்க் கராஜோ, கம்பனியோ?

போன மாசம் மல்லாவிப் பக்கத்துத் தம்பி ஒருத்தர் போன் எடுத்துக் கேட்டவர், "அண்ணை, ஆவணியில நாங்கள் நாலு பெடியள் நுவரெலியா ஏறி, எல்ல, அறுகம்பே எல்லாம் சுத்தி வரப்போறம், வண்டிய நானே பாத்திட்டு வெளிக்கிடலாமோ, ஊர்க் கராஜில குடுக்கிறதோ, இல்லாட்டி வவுனியாவுக்குக் கொண்டுபோய்க் கம்பனி சேர்விஸ் செய்யிறதோ?" எண்டு. அதுக்கு முதல் கிழமை முள்ளியவளையில படிப்பிக்கிற ரீச்சர் அக்கா ஒராளும் கிட்டத்தட்ட இதைத்தான் கேட்டவ, அவ தூர ஓட்டம் போறேல்ல, ஆனா ஒவ்வொரு நாளும் ஸ்கூட்டியில போகவர 70 கிலோமீற்றர். ரெண்டு பேருக்கும் போனில அரைகுறையாத்தான் சொன்னனான், அதை இப்ப ஆறுதலா எழுதுறன்.

என்னட்ட ரெண்டு வண்டி நிக்குது. ஒண்டு பல்சர் 150, மற்றது பழைய ஹொண்டா 250 ட்ரெயில் வண்டி. இருக்கிறது கிளிநொச்சிக்குக் கிட்ட. மூண்டு வழியிலயும் வண்டி பாத்திருக்கிறன், மூண்டிலயும் நல்லதும் பட்டிருக்கிறன் கெட்டதும் பட்டிருக்கிறன்.

முதல்ல எதை வைச்சு முடிவெடுக்கிறது

கனபேர் காசிலதான் தொடங்குவினம். நான் அதை மூண்டாவதா வைக்கிறன்.

முதலாவது, வண்டி எங்க நிண்டா உங்களுக்கு வில்லங்கம். மாங்குளத்தில இருந்து முல்லைத்தீவுக்கு ஏ34 ரோட்டு 49 கிலோமீற்றர், நடுவில ஒட்டுசுட்டான், கனக்க இடம் ரெண்டு பக்கமும் காடு. பொழுதுபட்டா யானை ரோட்டுக்கு வரும். அந்த ரோட்டில ஆறரை மணிக்குக் கிளச் கேபிள் அறுந்தவனுக்கு நல்ல கராஜ் எங்க இருக்கு எண்டு தெரிஞ்சும் பிரயோசனமில்ல, கையில என்ன இருக்கு, என்ன தெரியும் எண்டதுதான் கணக்கு.

ரெண்டாவது, செய்யிற வேலை பிழைச்சா என்ன நடக்கும். எயார் பில்டரப் பிழையாப் பூட்டினா வண்டி இழுக்காது, அவ்வளவுதான். பிறேக்கப் பிழையாப் பூட்டினா ஆள் போயிடும். இந்த ரெண்டையும் ஒரே தராசில வைக்கக் கூடாது.

மூண்டாவது, மொத்தச் செலவு. பில்லில உள்ள காசு மட்டுமில்ல, போய்வாற பெற்றோல், போன நாளின்ர சம்பளம், உபகரணம், பிழை விட்டா அதைத் திருத்துற காசு எல்லாம் சேரும். விலை மாசத்துக்கு மாசம் மாறுறதால ரூபாக் கணக்கு எழுதேல்ல, எழுதினா அடுத்த மாசமே பிழையாப் போயிடும்.

நாலாவது, வண்டி எந்த வகை. பெற்றோல் விடுறது பழைய காப்ரேட்டரோ கம்பியூட்டர் பாக்கிற இன்ஜெக்ஷனோ, சில்லு பூட்டுப்படாமப் பிறேக் பிடிக்கிற ஏபிஎஸ் இருக்கோ, வொறண்டி இன்னும் ஓடுதோ.

இன்னொண்டும் இருக்கு, இதை ஒருத்தரும் சொல்லுறேல்ல. வன்னி சமதரை. எங்கட வண்டியில தூசியால வாற பழுது, கிறவல் ரோட்டுக் குலுக்கலால வாற பழுது, முல்லைத்தீவு, ஆனையிறவுப் பக்க உப்புக் காத்தால வாற துரு இதெல்லாம் கெதியாத் தெரியும். பிறேக்கின்ர பழுது மட்டும் தெரியவே தெரியாது, ஏனெண்டா யாழ்ப்பாணம்-கண்டி ஏ9 ரோட்டில பிறேக் பிடிக்கிறதே மாடு குறுக்க வந்தாத்தான். அது தெரியிற இடம் நுவரெலியாப் பக்கத்து றம்பொடை மலை இறக்கம். பிறேக் ஒயில் காத்தில இருக்கிற ஈரத்த மெல்ல மெல்ல இழுத்து வைச்சிருக்கும், நீண்ட இறக்கத்தில பிறேக் சூடாகேக்க அந்தத் தண்ணி கொதிச்சு ஆவியாகும், ஆவி அமத்தக் கொடுக்கும், பிறேக் பஞ்சு மாதிரி உள்ள போகும். அதாலதான் 2 வருசத்துக்கு ஒருக்கா மாத்தச் சொல்லிப் பெரும்பாலான மனுவல்ல போட்டிருக்கு. ஊரில நல்லாத்தானே ஓடுது எண்டு மலைக்கு வெளிக்கிடுற பெடியளுக்கு இதைச் சொல்லத்தான் எனக்கு முதல்ல விருப்பம்.

வீட்டில நாங்களே பாக்கிறது

நான் பழகினது 2022ல. பெற்றோல் தட்டுப்பாட்டில கியூஆர் பங்கீடு வந்த நேரம் மோட்டச்சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர் தான் தந்தவங்கள். கிளிநொச்சியில இருந்து வவுனியாவுக்கு ஏறக்குறைய 75 கிலோமீற்றர், போய்வர 150, லீற்றருக்கு 45 ஓடுற வண்டிக்கு 3 லீற்றருக்கு மேல. ஒரு சேர்விஸுக்குப் போய்வந்தா அந்தக் கிழமைப் பங்கு சரி. அப்ப மனுவல எடுத்து வைச்சுக்கொண்டு மாமரத்துக்குக் கீழ இருந்ததுதான், பிறகு விடேல்ல.

வீட்டில செய்யிறதுக்கெண்டே உள்ள வேலையள்: செயின், எயார் பில்டர், எஞ்சின் ஒயில், பிளக், கேபிள், ரயர், பற்றரி ரேர்மினல். இதில செயினும் பில்டரும் வேற ஆரிட்டயும் விடக்கூடாது எண்டே சொல்லுவன். ஏனெண்டா செயினுக்கு 500 கிலோமீற்றருக்கு ஒருக்கா ஒயில் போடோணும், ஒட்டுசுட்டானுக்கும் துணுக்காய்க்கும் கிறவல்ல ஓடுற ஆளுக்கு அதிலும் கெதியா. ஒவ்வொரு 500க்கும் ஆர் கராஜுக்குப் போறது, போகாமலே விட்டுத்தான் செயினும் பல்லுச் சில்லும் முடியுது.

செயின் பாக்கிறது இப்பிடி. வண்டிய நடு ஸ்ராண்டில விட்டு, பின் சில்ல மெல்லச் சுத்திக்கொண்டு கீழ்ப் பக்கச் செயினின்ர நடுவ விரலால மேலயும் கீழயும் ஆட்டிப் பாருங்கோ. ஒரு இடத்தில தளர்வா இருக்கும், இன்னொரு இடத்தில இறுக்கமா வரும். கூட இறுகிற இடத்த வைச்சுத்தான் அளக்கோணும். சாதாரண 150 வண்டிக்கு 20, 30 மில்லிமீற்றர் ஆட்டம் வேணும், ட்ரெயில் வண்டிக்கு அதிலும் கூட, சரியான அளவு மனுவல்ல இருக்கும். பிறகு பின்பல்லுச் சில்லின்ர ஆகப் பின் பக்கத்தில செயினப் பிடிச்சு வெளிய இழுங்கோ, பல்லில பாதி தெரியுதெண்டா செயின் முடிஞ்சுது, ரெண்டு பல்லுச் சில்லையும் சேத்து செற்றாத்தான் மாத்தோணும், செயின மட்டும் மாத்தினா பழைய பல்லு புதுச் செயினத் தின்னும். கழுவ மண்ணெண்ணெய் காணும், பெற்றோல் வேண்டாம், கண்ணிகளுக்குள்ள றப்பர் வளையம் உள்ள ஓ-ரிங் செயினெண்டா பெற்றோல் அந்த றப்பரக் கெடுத்துப்போடும்.

பில்டர் எங்கட ஊரில மனுவல்ல சொன்ன தூரம் வரைக்கும் தாங்காது. சோளகம் அடிக்கிற மாசங்களில மனுவல் சொன்னதில பாதித் தூரத்தில கழட்டிப் பாருங்கோ. ஸ்பொஞ்ச் பில்டரெண்டா மண்ணெண்ணெயில கழுவி, பிழியாம அமத்தி எடுத்து, நிழல்ல காய விட்டு, பில்டர் ஒயில் தடவிப் பூட்டலாம். கடதாசி பில்டரக் கழுவக் கூடாது, தட்டித் தட்டிப் போடுறதும் ஒரு அளவுக்குத்தான், மாத்திறதுதான் சரி.

ஒயில் வாங்கேக்க ஒண்டு கவனிக்கோணும். கார் ஒயில் மலிவா இருக்கெண்டு போடாதேங்கோ. எங்கட கியர் வண்டியள்ல கிளச் அந்த எஞ்சின் ஒயிலுக்குள்ளதான் ஊறி நிக்குது, காருக்கெண்டு வழுக்குற மருந்து கலந்த ஒயில் போட்டா கிளச் வழுக்கத் தொடங்கும். போத்தில்ல ஜாசோ எம்ஏ இல்லாட்டி எம்ஏ2 எண்டு இருக்கோணும், தடிப்பு எவ்வளவு எண்டதுக்கு மனுவல்தான் கதை.

இனி இதில ஒளிஞ்சிருக்கிற செலவு. முதலாவது உபகரணம். நல்ல ரிங் ஸ்பனர் செற், சொக்கற், அலன்கீ, ரயர் லீவர், பிளக் ஸ்பனர், கடைசியா எவ்வளவு இறுக்கிறம் எண்டு அளவு காட்டுற ரோர்க் ரெஞ்ச். மலிவான ஸ்பனர் நட்டின்ர மூலையள உருட்டிப்போடும், பிறகு அதை எடுக்கிறதுக்கு வெல்டிங்காரரட்ட போகோணும். ஒயிலும் செயினும் மட்டும் பாக்கிற ஆளுக்கு உபகரணக் காசு மீள ஒண்டரை, ரெண்டு வருசம் எடுக்கும், வீட்டில ரெண்டு மூண்டு வண்டி நிண்டா அதிலும் கெதியா.

ரெண்டாவது, பழகிற நேரம் விடுற பிழை. நான் மூண்டாந் தரம் ஒயில் மாத்தேக்க கீழ இருக்கிற ட்ரெயின் போல்ட்ட "இன்னும் கொஞ்சம்" எண்டு இறுக்கினன். கையில ஒரு மெதுமை தெரிஞ்சுது, இறுக்கம் கூடாம போல்ட் சும்மா சுத்துது. எஞ்சின் கேஸ் அலுமினியம், போல்ட் இரும்பு, போனது அலுமினியத்தின்ர நூல். லேத் கடையில ஹெலிகொயில் எண்ட கம்பிச் சுருள் போட்டுப் புது நூல் எடுக்க நாலு நாள், அந்தக் காசுக்குக் கராஜில மூண்டு தரம் ஒயில் மாத்தியிருக்கலாம். அண்டைக்குப் பிறகு எந்தப் போல்டும் முதல் மூண்டு சுத்து விரலாலதான், ஸ்பனர் பிறகுதான்.

மூண்டாவது இடம். எங்கட முத்தம் மண். ஒரு வாசர் விழுந்தா விழுந்ததுதான். பழைய சாரமொண்ட விரிச்சு அதுக்கு மேல வேலை செய்யுங்கோ, கழட்டின ஒழுங்கிலயே நட்டுகள வரிசையா வையுங்கோ, ஸ்ராண்டுக்குக் கீழ பலகைத் துண்டு போடுங்கோ. கழிவு ஒயில கிணத்தடிப் பக்கம் ஊத்தாதேங்கோ, நாங்கள் குடிக்கிற தண்ணி அது. கானில சேத்து வைச்சா ஒயில் மாத்துற கடையில எடுப்பினம்.

ஊர்க் கராஜ்

எங்கட ஊர்க் கராஜ் அண்ணைமாரின்ர கை வேற கை. பொருளாதாரத் தடைக் காலத்தில பெற்றோல் இல்லாம மண்ணெண்ணெயில வண்டி ஓடின சனம் நாங்கள், சின்னப் போத்தில்ல இருக்கிற பெற்றோல ரெண்டு சொட்டு விட்டு ஸ்ராட் பண்ணி, சூடானாப் பிறகு மண்ணெண்ணெய்க்கு மாத்துறது. மண்ணெண்ணெய் பிளக்கில கரி பிடிக்கும், எஞ்சின் ஒயில இளக்கும், அப்பிடியிருந்தும் அந்த வண்டியள ஓட வைச்ச கையள் இன்னும் ஊரில இருக்கு. காப்ரேட்டர் வண்டியெண்டா சத்தத்தக் கேட்டே எங்க பிழை எண்டு சொல்லுவினம். என்ர 250க்கு நான் வேற எங்கயும் போறேல்ல. 2020ல இறக்குமதி நிப்பாட்டி 2025ல திரும்பத் திறக்கும் வரைக்கும் பழைய வண்டியளக் கட்டிக் காத்தது இவையள்தான்.

கராஜுக்கெண்டே உள்ள வேலையள்: சில்லு பேரிங் அடிச்சு மாத்துறது, முன் போர்க் ஒயில் சீல், கிளச் பிளேற், ஸ்போக் சில்லு நேராக்கிறது, எஞ்சின் தலை கழட்டுறது. பிரஸ், புல்லர் எண்டு வேணும், இதுக்கு நீங்கள் உபகரணம் வாங்கினா வாழ்க்கையில ரெண்டு தரம்தான் பாவிப்பீங்கள்.

குறை என்னெண்டா, ஒண்டு சாமான். ஒறிஜினல் எண்டு தாறது எல்லாம் ஒறிஜினல் இல்ல, அது அண்ணையின்ர பிழையுமில்ல, அவருக்குக் கடை குடுக்கிறதத்தான் அவர் பூட்டுறார். பிறேக் பாட், கேபிள், பேரிங் மூண்டையும் நீங்களே நல்ல கடையில வாங்கிக்கொண்டு போங்கோ. ரெண்டாவது இன்ஜெக்ஷன் வண்டி. சென்சர் பிழையெண்டு லைற் எரிஞ்சா மெஷின் இல்லாம ஊகத்தில ஒவ்வொரு சாமானா மாத்திப் பாக்கிற இடங்களும் இருக்கு, அந்த ஊகத்துக்குக் காசு உங்கட பொக்கற்றில இருந்துதான் போகும்.

மூண்டாவது இறுக்கம். இதை என்ர அனுபவத்தில சொல்லுறன். ஒரு கராஜில பின் ரயர் மாத்தினாப் பிறகு, ரெண்டு கிழமையால ஒட்டுசுட்டான் தாண்டிப் போகேக்க காத்துப் போச்சு. ரியூப், லீவர், பம்ப் எல்லாம் பையில கிடந்தது. அச்சு நட்டக் கழட்ட வண்டியோட வந்த ஸ்பனர வைச்சுக் காலால மிதிச்சன், ஸ்பனர் வளைஞ்சுது, நட்டு அசையேல்ல. கராஜில குழாய் போட்டு நீட்டி இறுக்கியிருக்கினம். கடைசியில வயலால வந்த ஐயா ஒருத்தர் லான்ட்மாஸ்ரர் (ரெண்டு சில்லு உழவு மெஷின்) பெட்டியில ஏத்திக்கொண்டு வந்து விட்டவர். அதுக்குப் பிறகு எந்தக் கராஜில சில்லு கழட்டினாலும், வீட்ட வந்து என்ர ஸ்பனரால ஒருக்கா இளக்கி, மனுவல் சொன்ன அளவுக்கு ரோர்க் ரெஞ்சால திரும்ப இறுக்கிப்போட்டுத்தான் மற்ற வேலை. வழியில கொண்டுபோற ஸ்பனர் அந்த நட்டுக்குக் காணுமோ எண்டும் அப்பவே தெரிஞ்சிடும்.

கராஜில குடுக்கிற நேரம் விட்டிட்டுப் போகாதேங்கோ. பக்கத்தில ஒரு வாங்கில இருந்து பாருங்கோ, "அண்ணை இதை ஏன் இப்பிடி வைக்கிறீங்கள்" எண்டு மரியாதையாக் கேட்டா சொல்லித் தருவினம்.

கம்பனி சேர்விஸ்

சுருக்கமாச் சொல்லலாம். வொறண்டி இருக்கும் வரைக்கும் இதுதான், வேற கதையில்ல. சேர்விஸ் புத்தகத்தில முத்திரை இல்லாட்டி பெரிய பழுது வரேக்க கை விரிப்பினம். புது வண்டியின்ர முதல் ஒயில்ல தேய்ஞ்ச இரும்புத் தூள் வரும், அந்த முதல் சேர்விஸத் தள்ளிப் போடாதேங்கோ. இன்ஜெக்ஷன் பிழை பாக்கிற மெஷின் அங்கதான். ஏபிஎஸ் வண்டியில பிறேக் லைன் கழட்டி உள்ளுக்குக் காத்துப் போனா, சில மொடலுக்கு அந்த மெஷின் இல்லாமக் காத்து முழுசா எடுக்க ஏலாது.

ஒளிஞ்ச செலவு பெற்றோலும் நாளும். காலம வெளிக்கிட்டா பின்னேரம்தான் வீடு, நாட்சம்பளக்காரருக்கு அது பில்லிலும் பெரிசு. சாமான் கொழும்பால வரோணுமெண்டா திரும்ப ஒருக்காப் போகோணும், எனக்கு ஒரு சென்சருக்கு மூண்டு கிழமை எடுத்தது. இன்னொண்டு, அவையள் செய்யிறது அட்டவணைச் சேர்விஸ், எல்லா ஊருக்கும் ஒரே அட்டவணை. எங்கட தூசிக்கு அது காணாது, நடுவில நீங்கள் பில்டர் பாக்கத்தான் வேணும்.

ஒரு பார்வையில

| பாக்கிற விசயம் | வீட்டில | ஊர்க் கராஜ் | கம்பனி |
|---|---|---|---|
| வழியில நிண்டா | கை பழகியிருக்கும் | பக்கத்தில இருந்து பாத்திருந்தா உதவும் | உதவாது |
| செயின், பில்டர், ஒயில், கேபிள் | இதுதான் நல்லது | செய்யலாம் | தூரம் வீண் |
| பிறேக் பாட் | பழகின ஆள் செய்யலாம் | நல்லது, பாட் நீங்கள் வாங்குங்கோ | நல்லது |
| பிறேக் ஒயில் | முதல் தரம் வேண்டாம் | ஏபிஎஸ் இல்லாததுக்கு | ஏபிஎஸ் வண்டிக்கு |
| பேரிங், போர்க், எஞ்சின் | வேண்டாம் | இதுதான் நல்லது | புது மொடலுக்கு |
| இன்ஜெக்ஷன் லைற் | பற்றரி மட்டும் பாருங்கோ | மெஷின் இருந்தா | இதுதான் நல்லது |
| ஒளிஞ்ச செலவு | உபகரணம், பழகிற பிழை | சாமான், கூட இறுக்கிறது | நாள், பெற்றோல், காத்திருப்பு |

இன்ஜெக்ஷன் வண்டிக்குப் பற்றரி பாக்கச் சொன்னது ஏனெண்டா, பற்றரி இறங்கினாலே கனக்கப் பிழை காட்டும். சின்ன மீற்றர் ஒண்டு வாங்கி வையுங்கோ. எஞ்சின் நிப்பாட்டி ஆறினாப் பிறகு நல்ல பற்றரி 12.6 வோல்ற் கிட்டக் காட்டும், ஸ்ராட் பண்ணி முறுக்கேக்க 13.5க்கும் 14.5க்கும் இடையில வரோணும். அது வராட்டி சார்ஜ் ஆகேல்ல, புதுப் பற்றரி வாங்கியும் பிரயோசனமில்ல.

பிறேக் பாட் நீங்களே மாத்தினா, வண்டிய அசைக்க முதல் பிறேக்க அஞ்சாறு தரம் அமத்துங்கோ. பாட் மாத்தேக்க பிஸ்டன உள்ள தள்ளியிருப்பீங்கள், முதல் அமத்தலுக்குப் பிறேக் ஒண்டுமே பிடிக்காது, நேர ஹாண்டில் வரைக்கும் போகும். இதை மறந்து படலையால வெளிய விட்டவை ரோட்டில போற லொறிக்கு முன்னால போய் நிண்டிருக்கினம்.

ஆருக்கு எது

மல்லாவித் தம்பிக்கு: உங்கட வண்டி 5 வருசப் பழசு, காப்ரேட்டர், வொறண்டி இல்ல, கம்பனிக்குப் போகத் தேவையில்ல. செயின், பில்டர், ஒயில், பிளக் இப்பவே வீட்டில செய்யுங்கோ, வெளிக்கிடுற முதல் நாள் செய்யாதேங்கோ. ரெண்டு கிழமை ஊருக்குள்ள ஓடிப் பாத்தா விட்ட பிழை வீட்டுக்குக் கிட்டயே தெரியும். பிறேக் ஒயிலையும் சில்லு பேரிங்கையும் கராஜில குடுங்கோ, பக்கத்தில இருங்கோ. புதுக் கிளச் கேபிள் ஒண்ட பழைய கேபிளுக்குப் பக்கத்தாலயே ஓட விட்டு, ரெண்டு நுனியையும் ரேப் சுத்திக் கட்டி வையுங்கோ, அறுந்தா ராங்கி கழட்டாம பத்து நிமிசத்தில மாத்தலாம். நாலு பேர் போறதால நாலு பம்ப் வேண்டாம், ஆனா நாலு பேரும் தன்தன்ர சில்ல ஒருக்கா முத்தத்தில கழட்டிப் பூட்டிப் பாத்திருக்கோணும்.

ரீச்சர் அக்காவுக்கு: ஸ்கூட்டியள் கனக்கவுக்குப் பின் சில்லு கழட்ட சைலன்சரையும் கழட்டோணும், அதால வழியில கழட்டுற யோசனை வேண்டாம். உங்கடது ரியூப் இல்லாத ரயர், கழட்டாமலே வெளியால குத்தி அடைக்கிற கிற்றும் சின்னப் பம்பும் சீற்றுக்குக் கீழ வையுங்கோ. ஒரு ஞாயிற்றுக்கிழமை பழைய ரயரொண்டில ரெண்டு தரம் குத்திப் பழகுங்கோ. மற்றதெல்லாம் உங்கட ஊர்க் கராஜ் காணும், பின் சில்ல ஓட்டுற பெல்ற் மட்டும் ஒறிஜினல் வாங்கிக் குடுங்கோ.

மாரியில வெள்ளத்துக்குள்ளால ஓடினவைக்கு இது மூண்டிலயும் சேராத கதை. 2018 டிசம்பரில இரணைமடு திறந்து வெள்ளம் வந்த நேரம், தண்ணிக்குள்ள நிண்ட வண்டியள அடுத்த நாளே உதைச்சு ஸ்ராட் பண்ணி எஞ்சின உடைச்சவை கனபேர். தண்ணிக்குள்ள நிண்ட வண்டிய உதைக்காதேங்கோ. முதல்ல ஒயில் பாருங்கோ, பால்தேத்தண்ணி நிறத்தில இருந்தா தண்ணி உள்ள போயிட்டுது. பிளக்கக் கழட்டி, ஒயில இறக்கி, பில்டரக் காய வைச்சு, புது ஒயில் விட்டு, பிளக் இல்லாமலே மெல்ல உதைச்சு உள்ள நிக்கிற தண்ணிய வெளிய எடுங்கோ. கொஞ்சம் ஓடவிட்டு அந்த ஒயிலையும் திரும்ப மாத்துங்கோ. இதை வீட்டிலயே செய்யலாம், கராஜுக்குத் தள்ளிக்கொண்டு போறதுக்கு ரோட்டும் இருக்காது அந்த நாளில.

ஏ9ல போறவை எப்பிடியும் முறிகண்டியில நிப்பினம். பிள்ளையாருக்குத் தேங்காய் உடைச்சுப்போட்டுக் கச்சான் வாங்கிற நேரத்தில, பின் சில்லின்ர நடுக் கப்புக்குக் (ஹப்) கிட்ட உள்ளங்கையப் பிடிச்சுப் பாருங்கோ, பிறேக் பிடிக்காம ஓடி வந்தும் கிட்டக் கை வைக்கேலாத சூடெண்டா பிறேக் ஒட்டிக்கொண்டு நிக்குது, இல்லாட்டி பேரிங் போகுது. அங்கயிருந்து கிளிநொச்சி கிட்ட, அங்க காட்டிப்போட்டுப் போங்கோ.